லைனில் நின்று சொல்வதா, குரூப்பில் போடுவதா? திருப்பூர் யூனிட் பொறுப்பாளருக்கு ஓர் ஒப்பீடு

திருப்பூரில் அறுபது மெஷின் ஓடும் ஒரு பனியன் யூனிட்டில் புரொடக்‌ஷன் பொறுப்புக்கு வருகிறவருக்கு முதல் வாரத்திலேயே இந்தக் குழப்பம் வந்துவிடும். பையர், அதாவது ஆர்டர் கொடுத்தவர், அளவை மாற்றச் சொல்லி மெயில் போட்டிருக்கிறார். இன்றைக்கு ஒன்றரை ஷிப்ட் ஓட்டியாக வேண்டும். நேற்று முடிந்த பீஸில் நெக் ரிப் (கழுத்துப் பட்டி) சுருங்கிக்கொண்டு நிற்கிறது. அடுத்த மாதம் ஆர்டர் குறைவு. நாலும் லைனுக்கு, அதாவது மெஷின் வரிசையில் உட்கார்ந்து தைப்பவர்களுக்கு, சொல்ல வேண்டிய விஷயங்கள்தான். எப்படிச் சொல்வது?

கையில் இருக்கும் வழிகள் ஐந்து. காலையில் எல்லோரையும் நிறுத்திவைத்துப் பேசலாம். வாட்ஸ்அப் குரூப்பில் போடலாம். போர்டில் எழுதலாம், நோட்டீஸ் ஒட்டலாம். லைன் சூப்பர்வைசரிடமோ காண்ட்ராக்டரிடமோ சொல்லி அவர்கள் மூலம் சொல்ல வைக்கலாம். இல்லையென்றால் மெஷின் மெஷினாகப் போய் நாமே சொல்லலாம். எல்லா யூனிட்டிலும் இந்த ஐந்தும் ஏதோ ஒரு அளவில் நடக்கத்தான் செய்கிறது. எதற்கு எது என்று யாரும் உட்கார்ந்து யோசிப்பதில்லை, அவ்வளவுதான்.

பொதுவாக இதைத் தேர்ந்தெடுப்பவர்கள் பார்ப்பது வேகத்தை. வேகத்தை மட்டும் பார்த்தால் ஒப்பீடே தேவையில்லை, வாட்ஸ்அப் ஜெயித்துவிடும். நான் வேறு ஒன்றைப் பார்க்கச் சொல்வேன்: சொன்ன பிறகு "எனக்குப் புரியலைங்க", "அது சரிப்பட்டு வராதுங்க" என்ற பதில் எந்த வழியில் திரும்பி வரும்? ரிப் சுருங்குவது அந்த ஓவர்லாக் (ஓரம் அடிக்கும் மெஷின்) டெய்லருக்கு முதல் பண்டலிலேயே தெரிந்திருக்கும். அது மேலே வராமல் போனதால்தான் முந்நூறு பீஸ் பிரிக்க வேண்டி வருகிறது.

காலைக் கூட்டம்

இதன் விலையை முதலில் போட்டுப் பார்த்துவிடலாம். அறுபது பேரைப் பத்து நிமிடம் நிறுத்தினால் 600 நிமிடம், அதாவது பத்து மணி நேர வேலை. ஒரு சாதாரண டி-ஷர்ட்டுக்கு லைன் முழுவதும் சேர்த்து ஆறேழு நிமிடத் தையல் என்று வைத்தால், கணக்குப்படி எண்பத்தைந்திலிருந்து நூறு பீஸ்வரை போகிறது. இந்தக் கணக்கைச் சொன்னதும் முதலாளி கூட்டமே வேண்டாம் என்பார். ஆனால் செலவு முழுவதும் அவருடையது இல்லை. பீஸ் ரேட்டில், அதாவது தைத்த பீஸுக்கு இவ்வளவு என்ற கூலியில், தைக்கும் டெய்லருக்கு அந்தப் பத்து நிமிடத்துக்குக் கூலி கிடையாது. ஷிப்ட் சம்பளத்தில் இருக்கும் செக்கிங் அக்காக்களுக்கு அது நின்றுகொண்டிருக்கும் நேரம், டெய்லருக்கோ கைக்காசு. அவர் முகம் மெஷின் பக்கம் திரும்பியிருப்பதைக் "கவனம் இல்லாத பசங்க" என்று சூப்பர்வைசர் திட்டுவதைப் பல இடங்களில் பார்க்கலாம்.

இதற்கு ஒரு எளிய வழி இருக்கிறது. ஸ்டைல், அதாவது தைக்கிற டிசைன், மாறும்போது மெஷின் இடம் மாற்றி, நூல் மாற்றி, துணியை மடித்துக் கொடுக்கும் ஃபோல்டர் மாட்டி லைன் செட் ஆக எப்படியும் நேரம் ஆகும். டெய்லர்கள் சும்மா உட்கார்ந்திருக்கும் நேரம் அது. கூட்டத்தை அங்கே வைத்தால் யாருக்கும் நஷ்டமில்லை. பேச வேண்டிய விஷயமும், புது ஸ்டைல்தான், கண் முன்னாலேயே இருக்கிறது. தினமும் காலை எட்டரைக்குக் கட்டாயம் கூட்டம் என்று வைப்பதைவிட இது எவ்வளவோ மேல். பேச ஒன்றுமில்லாத நாளில் கூட்டம் போட்டால் "குவாலிட்டி முக்கியம், டார்கெட் முக்கியம், லீவு போடாதீங்க" என்று மூன்று வரியைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கும். ஒரு வாரத்தில் காது பழகிவிடும். பிறகு உண்மையான விஷயம் சொன்னாலும் ஏறாது.

கூட்டத்தின் பெரிய குறை, அதில் யாரும் பதில் பேசுவதில்லை என்பது. அறுபது பேர் முன்னால் ஒரு ஹெல்பர் பெண் "அந்த அளவு தப்புங்க" என்று சொல்ல மாட்டார். அறுவை அரங்குகளிலும் இதே தொல்லை இருந்தது. உலக சுகாதார நிறுவனம் 2008-இல் கொண்டுவந்த அறுவை சிகிச்சைச் சரிபார்ப்புப் பட்டியலில், கத்தி வைப்பதற்கு முன் அறையில் இருக்கும் ஒவ்வொருவரும் தன் பெயரையும் வேலையையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்று ஒரு வரி உண்டு. எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் அந்தப் பட்டியலைப் பயன்படுத்திப் பார்த்த ஆய்வு 2009-இல் வெளிவந்தது. இறப்பு விகிதம் 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாகக் குறைந்திருந்தது. அந்தக் குறைவுக்குப் பட்டியல் முழுவதும் காரணம், பெயர் சொன்னது மட்டும் இல்லை. ஆனாலும் அந்த வரியை அங்கே வைத்தவர்களின் எண்ணம் தெளிவு: ஒருமுறை வாய் திறந்தவர்தான் இரண்டாம் முறையும் திறப்பார். லைன் கூட்டத்திலும் இதைச் செய்யலாம். நாம் பேசுவதைப் பாதியாகக் குறைத்துக்கொண்டு, "போன ஸ்டைலில் எது கஷ்டமாக இருந்தது?" என்று பெயர் சொல்லி இரண்டு பேரைக் கேட்டால் போதும். முதல் நாள் பதில் வராது. நாலாவது கூட்டத்தில் வரும்.

வாட்ஸ்அப் குரூப்

முதலில் ஒரு முரண்பாடு. தையல் தளத்தில் போன் எடுக்கக் கூடாது என்று பல யூனிட்டில் சட்டம். அதே யூனிட்டில் பகல் பதினொரு மணிக்கு "அவசரம்: சைஸ் எல் நிறுத்தவும்" என்று குரூப்பில் மெசேஜ் வரும். போனைப் பார்த்தவர் சட்டத்தை மீறியவர், பார்க்காதவர் மெசேஜை மீறியவர். இரண்டில் ஒன்றை விட்டுவிட வேண்டும்.

அடுத்தது மொழி. லைனில் திண்டுக்கல், தேனிப் பக்கத்துப் பெண்கள் இருப்பார்கள். ஒடிசா, பீகார், ஜார்க்கண்டிலிருந்து வந்தவர்கள் இருப்பார்கள். தமிழில் தட்டினால் பாதிப் பேருக்குப் படிக்க வராது. ஹிந்தியில் தட்டினால் மீதிப் பாதி. ஒடிசாக்காரருக்கு ஹிந்தி பேச வந்தாலும் படிப்பது வேகமாக வராமல் இருக்கலாம். அதனால் எழுத்தைவிடக் குரல் செய்தி நல்லது. முப்பது விநாடி தமிழில், முப்பது விநாடி ஹிந்தியில். பேசுகிறவருக்கு ஹிந்தி வராவிட்டால் லைனில் இரண்டு மொழியும் தெரிந்த ஒருவரைப் பேச வைத்துவிடலாம்.

பெண் தொழிலாளர்கள் விஷயம் தனி. பல வீடுகளில் போன் பொது. குரூப்பில் இருக்கும் நம்பர் கணவருடையதாகவோ மகனுடையதாகவோ இருக்கும். மெசேஜ் அவர்கள் வேலை முடிந்து வந்து சொன்னால்தான் உண்டு. இன்னொன்று, சூப்பர்வைசர் ஆணாக இருந்து, இரவு ஒன்பதரைக்கு ஒரு பெண்ணின் நம்பருக்குத் தனியாக "நாளைக்கு வரீங்களா" என்று அனுப்பினால், அவர் மனதில் ஒன்றும் இல்லாவிட்டாலும் அந்த வீட்டில் அது பிரச்சினை. தனி மெசேஜ் கூடாது, இரவில் கூடவே கூடாது, கேட்க வேண்டியதை ஷிப்ட் முடிவதற்குள் நேரில் கேட்டுவிட வேண்டும் என்று ஒரு விதி போடுவது யூனிட்டுக்கே பாதுகாப்பு.

பதில் திரும்பி வரும் வழி என்று பார்த்தால் குரூப் சுத்தமாகத் தோற்கிறது. வருவதெல்லாம் கட்டைவிரலும் "ஓகே சாரும்". அறுபது "ஓகே"க்கு நடுவில் ஒருவர் "எந்த லைனுக்கு?" என்று கேட்டிருப்பார், அது மேலே போய்விடும். நீல டிக் வந்தால் படித்தாகிவிட்டது என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். குரூப்பைத் திறந்தார்கள் என்பதற்கு மேல் அதற்கு அர்த்தம் கிடையாது.

நாம் குரூப்பில் நல்ல செய்தி போடுகிற அதே போனில்தான் மற்றதும் வருகிறது. 2023 மார்ச் முதல் வாரத்தில், தமிழ்நாட்டில் வட மாநிலத் தொழிலாளர்களை அடிக்கிறார்கள் என்று வீடியோக்கள் பரவின. வேறு சம்பவங்களின் காட்சிகளை எடுத்து ஒட்டிய பொய்கள் அவை. அப்போது டிஜிபியாக இருந்த சைலேந்திர பாபு வீடியோவில் மறுத்துப் பேசினார். பீகார் அரசு அனுப்பிய அதிகாரிகள் குழு திருப்பூருக்கும் கோவைக்கும் வந்து தொழிலாளர்களிடம் நேரில் பேசியது. ஹோலிக்கு ஊர் போகும் சமயம் வேறு, யார் பண்டிகைக்குக் கிளம்புகிறார், யார் பயந்து கிளம்புகிறார் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. அந்த மாதிரி நேரத்தில் "வதந்தியை நம்பாதீர்கள்" என்று குரூப்பில் போடுவதற்கு என்ன மதிப்பு? வதந்தியும் போனில், மறுப்பும் போனில். வீடியோ பார்க்கிறவருக்கு இரண்டும் ஒரே எடை. பக்கத்தில் போய் உட்கார்ந்து, அவர் போனில் இருக்கும் வீடியோவை அவரோடு சேர்ந்து பார்த்து, "நீ இருக்கிற ரூமில் ஏதாவது நடந்ததா?" என்று கேட்கிற ஆளுக்குத்தான் எடை அதிகம். அதுவும் அன்றைக்கு முதல் தடவையாகப் பக்கத்தில் போனால் பலிக்காது, முன்பே பழகியிருக்க வேண்டும்.

சரி, குரூப் எதற்கு ஆகும்? பிறகு எடுத்துப் பார்க்க வேண்டிய விஷயங்களுக்கு: லீவு நாள், வேன் வரும் நேரம், சனிக்கிழமை சம்பளம் எத்தனை மணிக்கு என்பது மாதிரி. டேமேஜ் பீஸின் போட்டோவை சூப்பர்வைசர்களுக்கு மட்டும் உள்ள சின்ன குரூப்பில் போடுவதற்கும் நன்றாக உதவும். அந்தப் போட்டோவைப் பெரிய குரூப்பில், யார் தைத்தது என்ற பெயரோடு போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த டெய்லர் அடுத்த சனிக்கிழமை சம்பளம் வாங்கிக்கொண்டு பக்கத்து யூனிட்டுக்குப் போய்விடுவார். திருப்பூரில் டெய்லருக்கு வேலை கிடைப்பதற்கு அரைமணி நேரம் போதும்.

போர்டும் சாம்பிளும்

நோட்டீஸை அதிகம் பேர் படிப்பதில்லை. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், ஒட்டும் நோட்டீஸ் ஆங்கிலத்திலும் பெரும்பாலான தொழிலாளர்களுக்குப் புரியும் மொழியிலும் இருக்க வேண்டும் என்றது. பெரும்பாலானவர்கள் என்ற கணக்கே இன்றைக்குச் சில லைன்களில் மாறிவிட்டது, நோட்டீஸ் பழைய மொழியிலேயே நிற்கிறது. ஆனால் விதி, உரிமை, புகார் செய்யும் வழி ஆகியவை எழுத்தில் இருக்கத்தான் வேண்டும். பேசினது மறந்துபோகும், சொன்ன ஆளும் மாறிப்போவார்.

மணிக்கு மணி டார்கெட் எழுதும் போர்டு நல்ல ஏற்பாடு, லைன் கணக்கை எழுதும்வரை. ஆள் பெயரைப் போட்டு எழுத ஆரம்பித்தால் கெட்டது.

இந்த வகையில் எல்லோரும் குறைவாக மதிப்பது லைன் தலைப்பில் தொங்கும் அப்ரூவல் சாம்பிளை, அதாவது பையர் சரி என்று ஒப்புக்கொண்ட மாதிரி பீஸை. அதற்கு மொழி வேண்டாம். நெக் ரிப் எப்படி உட்கார வேண்டும் என்று நாலு நிமிடம் பேசுவதை அது நாலு விநாடியில் சொல்லிவிடும். கூடவே தப்பான பீஸ் ஒன்றையும் மாட்டி, தப்பு இருக்கும் இடத்தில் ஸ்டிக்கர் ஒட்டிவிட்டால் பாதிச் சூப்பர்வைசர் வேலை முடிந்தது. ஆனால் சாம்பிளை மெர்ச்சண்டைசர் (பையரோடு பேசி ஆர்டரைக் கவனிப்பவர்) ரூமில் பூட்டி வைத்துவிட்டு, லைனில் அளவு விவரம் உள்ள ஸ்பெக் ஷீட்டின் ஜெராக்ஸை ஒட்டுவதுதான் பழக்கமாக இருக்கிறது.

இடையில் ஒருவர்

ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ பத்துப் பதினைந்து பேரைக் கூட்டிவரும் காண்ட்ராக்டர் அவர்களுக்கு மேஸ்திரி, மொழிபெயர்ப்பாளர், கடன் கொடுப்பவர், ஊர்க்காரர் எல்லாம். அவரிடம் ஒரு வார்த்தை சொன்னால் பதினைந்து பேருக்கும் அவர்கள் மொழியிலேயே போய்விடும். இத்தனை சுலபமான வழி வேறு இல்லை. நடுவில் அவருடைய லாபமும் இருக்கிறது என்பதுதான் சிக்கல். பீஸுக்கு நாம் கூட்டிக்கொடுத்த காசு முழுசாகப் போய்ச் சேர்ந்ததா என்று நமக்குத் தெரியாது. "ஆளுங்களுக்கு இது பிடிக்கலை சார்" என்று அவர் சொல்லும்போது அது ஆட்களுக்குப் பிடிக்கவில்லையா, அவருக்கா என்பதும் தெரியாது.

லைன் சூப்பர்வைசரிடமும் இதே சிக்கல் வேறு விதத்தில். அவர் மேலே சொல்லும்போது கெட்டதைக் குறைத்துச் சொல்வார், கீழே சொல்லும்போது குரலைக் கூட்டிச் சொல்வார். நீங்கள் "மதியத்துக்குள் முடிந்தால் நல்லது" என்று சொன்னது, லைனில் "முடிக்காம சாப்பிடப் போகாதே" என்று ஆகிவிடும். அதற்காக அவரைத் தாண்டிப் போய்ப் பேசினால் அவருக்கு லைனில் மரியாதை இருக்காது.

அதனால் வேலை சம்பந்தமான அன்றாட விஷயத்துக்கு இடையில் இருப்பவரே சரி. பணம், வேலை நேரம், புகார் ஆகிய மூன்றையும் அவர் வழியாக மட்டும் விடக் கூடாது. சொன்னது சரியாகப் போனதா என்று தெரிந்துகொள்ள, அவரைக் கேட்காமல், கடைசி மெஷினில் இருப்பவரை "இன்னைக்கு ரேட் என்ன சொன்னாங்க?" என்று சும்மா கேட்டுவிட்டு வந்தால் தெரிந்துவிடும்.

மெஷின் பக்கத்தில் போய்

என் ஓட்டு இதற்குத்தான். அறுபது பேரிடம் ஆளுக்கு ஒரு நிமிடம் என்றால் ஒரு மணி நேரம்; நம் நேரம் மட்டும்தான் போகிறது, லைன் நிற்பதில்லை. ஒரே நாளில் அறுபது பேரையும் பார்க்க வேண்டியதும் இல்லை. காலையில் இருபது, மதியம் இருபது என்று போனால் ஒன்றரை நாளில் ஒரு சுற்று.

எப்படிப் பேசுகிறோம் என்பதில்தான் இந்த வழியின் வெற்றி தோல்வி. "புரிஞ்சுதா?" என்று கேட்டால் திருப்பூரில் மட்டுமில்லை, எங்கே கேட்டாலும் "புரிஞ்சுதுங்க" என்றுதான் வரும். மேலாள் முன்னால் புரியவில்லை என்று யார் சொல்வார்? அதற்குப் பதிலாக "ஒரு பீஸ் தைச்சுக் காட்டுங்கக்கா" என்று கேட்டால் ஒரு நிமிடத்தில் உண்மை தெரிந்துவிடும். தப்பாகத் தைத்தால் திட்டத் தேவையில்லை, நாம் சொன்னதில் எது போகவில்லை என்று அந்தப் பீஸே காட்டிக்கொடுக்கும்.

தன்னைவிடப் பத்து வயது மூத்த பெண்ணை "ஏம்மா, வா போ" என்று கூப்பிடுகிற இளம் சூப்பர்வைசர்கள் உண்டு. கொங்கு நாட்டில் சின்னப் பிள்ளையைக்கூட "வாங்க, சாப்டீங்களா" என்று கேட்கிற ஊர் இது. லைனுக்குள் வந்ததும் அந்த "ங்க" எங்கே போகிறதோ தெரியவில்லை. வடக்கிலிருந்து வந்தவர்களுக்குப் பெயரே கிடையாது, "ஏ ஹிந்தி" என்ற ஒரு கூப்பாடுதான். பெயரைத் தெரிந்துகொண்டு கூப்பிட ஒரு பைசா செலவில்லை. வயதில் மூத்தவராக இருந்தால் பெயரோடு "பாய்" (ஹிந்தியில் சகோதரர்) சேர்த்தால் போதும், அவர் தலை நிமிர்ந்து பார்ப்பார்.

தப்பைச் சொல்வதற்கும் இதுதான் வழி, ஆனால் இடம் பார்க்க வேண்டும். லைன் நடுவில் கத்தினால் அவருக்கும் பக்கத்து மெஷின்காரருக்கும் சேர்த்துக் கை நடுங்கும். மூடிய கேபினுக்குள் ஒரு பெண்ணைத் தனியாகக் கூப்பிடுவதும் சரியில்லை. செக்கிங் டேபிள் பக்கம் கூப்பிட்டுப் பேசலாம். எல்லோர் கண்ணுக்கும் தெரியும், யார் காதுக்கும் கேட்காது. ஓவர்லாக் சத்தம் அந்த ஒரு விஷயத்துக்காவது நமக்கு உதவுகிறது.

கெட்ட செய்தி வரும்போது

2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியச் சரக்குக்கு அமெரிக்கா 50 சதவீத வரி போட்டது. அமெரிக்க ஆர்டரை நம்பியிருந்த திருப்பூர் யூனிட்டுகளில் பையர்கள் நிறுத்திவை என்றார்கள், விலையைக் குறை என்றார்கள். இந்தச் செய்தி முதலாளி சொல்லித் தெரிய வேண்டியதில்லை. டீக்கடை டிவியில் ஓடியது, எல்லோர் போனிலும் வந்தது. லைனுக்குத் தெரியாமல் இருந்தது ஒன்றுதான்: நம் யூனிட்டுக்கு என்ன ஆகும்?

இப்படி ஒரு நேரத்தில் ஐந்து வழிகளையும் வைத்துப் பார்த்தால் தேர்வு சுலபம். குரூப் கூடாது. நோட்டீஸ் கூடாது. காண்ட்ராக்டர் மூலம் சொன்னால் அவர் ஆட்களைப் பக்கத்து யூனிட்டுக்குக் கூட்டிப்போவதற்கு ஏற்பாடு செய்துவிட்டுத்தான் சொல்வார், அவர் பிழைப்பு அது. கூட்டம்தான் சரி, பேசுகிறவர் முதலாளியாக இருக்க வேண்டும். மேனேஜரை முன்னால் தள்ளிவிட்டு அவர் ஏசி ரூமில் இருந்தால், சொன்ன எதையும் யாரும் நம்ப மாட்டார்கள். அன்று காலையிலேயே சூப்பர்வைசர்களிடமும் காண்ட்ராக்டர்களிடமும் சொல்லிவிட்டு, மதியத்துக்குள் லைனில் சொல்லிவிட வேண்டும். இடையில் ஒரு இரவு போனால் செய்தி மூன்று மடங்காகிவிடும்.

சொல்லும்போது தேதி சொல்ல வேண்டும். "பார்க்கலாம், ஒண்ணும் ஆகாது" என்பது ஆறுதல் மாதிரி தெரியும், கேட்பவருக்கு அது பயம். "கையில் இருக்கிற ஆர்டர் இந்த மாதம் இருபதாம் தேதி வரை ஓடும். அதுவரை முழு ஷிப்ட் உண்டு, ஒன்றரை ஷிப்ட் கிடையாது. பதினைந்தாம் தேதி மறுபடி நானே வந்து சொல்கிறேன்." இவ்வளவு போதும். ஊருக்குப் போய்விட்டு வரலாமா, வேறு இடம் பார்க்கலாமா என்று அவரவர் கணக்குப் போட்டுக்கொள்வார்கள். சிலர் போகத்தான் செய்வார்கள். பதினைந்தாம் தேதி சொல்வதற்குப் புதிதாக ஒன்றும் இல்லாவிட்டாலும் முதலாளி வந்து நிற்க வேண்டும்.

தீபாவளி போனஸுக்கும் இதே முறைதான். சட்டப்படி குறைந்தது 8.33 சதவீதம் என்பது பலருக்குத் தெரியும். பக்கத்து யூனிட்டில் எவ்வளவு என்பது அதைவிட நன்றாகத் தெரியும். கடைசி வாரம்வரை வாயைத் திறக்காமல் இருப்பதால் யாருக்கும் லாபமில்லை.

யூனிட் அளவைப் பார்த்து

மேலே சொன்னது ஐம்பது முதல் நூறு மெஷின்வரை உள்ள இடத்துக்கு. அங்கே ஒரே ஒரு மாற்றம்தான் செய்ய முடியும் என்றால் தினக் கூட்டத்தை நிறுத்திவிட்டு, அந்த நேரத்தை மெஷின் பக்கம் நடப்பதற்குக் கொடுக்கலாம். ஸ்டைல் மாறும் நாளில் மட்டும் கூட்டம் வைத்தால் போதும்.

ஐந்நூறு மெஷின் கம்பெனியில் ஒரு ஆள் நடந்து முடியாது. அங்கே சூப்பர்வைசர்களைப் பழக்குவதில்தான் காசைப் போட வேண்டும். ஹிந்தியோ ஒடியாவோ பேசத் தெரிந்த பெண் சூப்பர்வைசர் ஒருவர் கிடைத்தால் கூடக் கொஞ்சம் சம்பளம் கொடுத்தாவது வைத்துக்கொள்ளலாம். அடுத்தவர் ஆர்டரைக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் பத்துப் பதினைந்து மெஷின் ஜாப் ஒர்க் யூனிட்டில் முதலாளியே பிளாட்லாக் மெஷினில் உட்கார்ந்து தைப்பார். பேச வேண்டியதெல்லாம் டீ வரும்போது பேசி முடிந்துவிடும். அங்கேயும் யாரோ ஒரு வாட்ஸ்அப் குரூப் ஆரம்பித்து வைத்திருப்பார்கள். அதை எடுத்துவிட்டாலும் ஒரு பீஸ்கூடக் குறையாது.